கிளவுடின் வெளிவாசல்: ஏ.டபிள்யூ.எஸ். வலையமைப்புப் பாதுகாப்பில் அண்மைய மாற்றங்கள்

அமேசான் வெப் சர்வீசஸ் (ஏ.டபிள்யூ.எஸ்.) என்ற, இணையவழியே சர்வர்களை வாடகைக்குத் தரும் கிளவுட் தளத்தில் வலையமைப்புப் பாதுகாப்பை ஒட்டி 2024 இறுதியிலிருந்து வந்திருக்கும் வசதிகளைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. நீண்ட காலமாக அந்தத் தளத்தின் கவனத்தில் பெரும்பகுதி, வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுப்பதில் இருந்தது. உள்ளேயிருந்து வெளியே போவதைக் கட்டுப்படுத்தும் வேலையை அது இப்போதுதான் முழு மூச்சில் கையிலெடுத்திருக்கிறது. அறிவிப்புகளில் பலவும் வெளிவந்த வாரத்தோடு மறக்கப்பட்டுவிடுவதைப் பார்க்கிறேன். ஆனால் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் நிதானமாகப் படித்து, தங்கள் கட்டமைப்பில் பொருத்திப் பார்க்க வேண்டியவை இவை என்று நான் உறுதியாக நம்புவதால், அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வி.பி.சி. என்ற தனியார் வலையமைப்பு வசதியில், எந்தப் போக்குவரத்தை அனுமதிப்பது என்று சர்வருக்கு விதிக்கும் செக்யூரிட்டி குரூப் வந்த நாளிலிருந்து இன்றுவரை மாறாத ஒரு விஷயத்திலிருந்து தொடங்குவதே முறை. அதில் புதிதாக ஒரு செக்யூரிட்டி குரூப்பை உருவாக்கினால், உள்வரும் போக்குவரத்து முழுவதும் அடைக்கப்பட்டிருக்கும். வெளிச்செல்லும் போக்குவரத்தோ 0.0.0.0/0 என்ற ஒற்றை விதியால் உலகத்தின் எந்த முகவரிக்கும் எந்த போர்ட்டுக்கும் திறந்திருக்கும். சர்வர் தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், பணம் செலுத்தும் சேவைகளை அழைக்க வேண்டும், பதிவுகளை அனுப்ப வேண்டும் என்ற நடைமுறைத் தேவைகளை நினைத்துப் பார்த்தால், அன்று அப்படி வைத்ததன் காரணம் புரிகிறது. எனினும் இன்றைய தாக்குதல்களில் மிகப் பல இந்த வெளிவழியை நம்பியே முழுமை பெறுகின்றன. 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் என்ற பாதுகாப்புக் குறையை நினைத்துப் பாருங்கள். தாக்குபவர் அனுப்பிய ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) லாக்4ஜே என்ற ஜாவா பதிவு நூலகம் பதிவு செய்ய முயன்றபோது, அது தானாகவே வெளியே உள்ள ஓர் எல்டாப் (அடைவுத் தகவல்) சர்வரைத் தொடர்புகொண்டு, அங்கிருந்து நிரலை எடுத்துவந்து இயக்கியது. உள்ளே வந்தது சாதாரணமான ஓர் இணையக் கோரிக்கைதான். ஆபத்தான பகுதி அந்தச் சர்வர் வெளியே போனபோது நிகழ்ந்தது. வெளிச்செல்லும் இணைப்புகளை முன்னரே கட்டுப்படுத்தி வைத்திருந்த அமைப்புகளுக்கு, குறையைச் சரிசெய்யும் ஒட்டுப்போடுவதற்கான அவகாசமாவது கிடைத்தது.

ஒரு வசதி வெளிவருவதற்கும் அது இயல்புநிலையாக மாறுவதற்கும் இடையே எவ்வளவு காலம் கழிகிறது என்பதற்கு, இதே தளத்தின் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2019 இல் கேப்பிட்டல் ஒன் வங்கியில் நடந்த ஊடுருவலில், தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் வழியாக சர்வருக்கு அதன் விவரங்களையும் சாவிகளையும் தரும் 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரி அணுகப்பட்டு, அங்கிருந்து தற்காலிகச் சாவிகள் எடுக்கப்பட்டு, எஸ்3 சேமிப்பிலிருந்த தரவு பறிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேரின் விவரங்களும் கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்களும் அதில் அடங்கும். அதே ஆண்டு நவம்பரில் ஏ.டபிள்யூ.எஸ். அந்த மெட்டாடேட்டா சேவையின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. முதலில் புட் (PUT) வகைக் கோரிக்கை ஒன்றை அனுப்பி டோக்கன் என்ற தற்காலிக அனுமதியைப் பெற வேண்டும், அந்தப் பதில் பாக்கெட் இயல்பாக வலையமைப்பில் ஒரு தாவலுக்கு மேல் போகாது, இடையில் ஒரு ப்ராக்ஸி (இடைத்தரகர் சர்வர்) இருப்பதைக் காட்டும் தலைப்பு இருந்தால் கோரிக்கையே நிராகரிக்கப்படும் என்று மிகக் கவனமாக வடிவமைக்கப்பட்ட தீர்வு அது. ஆனாலும் பழைய பதிப்பு கூடவே தொடர்ந்து இயங்கியது. கணக்கு முழுவதற்கும் இரண்டாம் பதிப்பையே இயல்பாக்கும் அமைப்பு 2024 மார்ச்சில்தான் வந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் உருவாக்கப்பட்ட சர்வர்களில் எத்தனை பழைய வழியைத் திறந்தபடியே இயங்கின என்று எண்ணும்போது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. புதிய வசதி எதைப் பார்த்தாலும், இதை ஒருவர் நினைவில் வைத்துத் தானாக இயக்க வேண்டுமா, அல்லது இயக்கப்பட்ட நிலையிலேயே வருகிறதா என்ற கேள்வியை நான் முதலில் கேட்பது இதனால்தான்.

உள்வரும் பக்கத்தில் அண்மையில் வந்தவற்றுள் மிகச் சிறந்தது என்று நான் கருதுவது, 2024 நவம்பரில் வெளியான வி.பி.சி. பப்ளிக் ஆக்சஸ் தடை. ஒரு கணக்கின் ஒரு பிராந்தியத்திலுள்ள எல்லா வி.பி.சி.களுக்கும் ஒரே ஆணையாக இதைப் பிறப்பிக்கலாம். யாரோ ஒருவர் அவசரத்தில் ரூட் டேபிளை (வழித்தட அட்டவணையை) மாற்றினாலும், செக்யூரிட்டி குரூப்பில் முழு உலகத்துக்கும், தொலைவிலிருந்து சர்வரில் நுழையப் பயன்படும் 22 ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டாலும், வி.பி.சி.யை இணையத்துடன் இணைக்கும் இன்டர்நெட் கேட்வே வழியாக வெளியிலிருந்து தொடங்கும் ஓர் இணைப்பும் உள்ளே வராது. இரு திசையும் தடுக்கும் முறை ஒன்று. உள்வருவதை மட்டும் தடுக்கும் முறை மற்றொன்று. இரண்டாவது முறையில், தனியார் முகவரி கொண்ட சர்வர்களை வெளியே போகவிடும் நேட் கேட்வே, ஐ.பி.வி.6 க்கான வெளிச்செல்லும் கேட்வே ஆகியவற்றின் வழியான போக்குவரத்து மட்டுமே அனுமதிக்கப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொது முகவரியை நேரடியாக வைத்துக்கொண்டு வெளியே போகும் சர்வர்களும் இதில் நின்றுபோகும். ஆகவே இயக்குவதற்கு முன் நெட்வொர்க் ஆக்சஸ் அனலைசர் என்ற ஆய்வுக் கருவியை ஓட்டி, எந்தெந்த சப்நெட்டுகளுக்கு (வி.பி.சி.யின் உட்பிரிவுகளுக்கு) விலக்கு தேவை என்று அறிந்துகொள்வது அவசியம். இயக்கிய பிறகு, போக்குவரத்தின் பதிவேடான ஃப்ளோ லாக்கில் நிராகரிப்புக் காரணத்துக்கான புலத்தைச் சேர்த்துக்கொண்டால், எந்த இணைப்பு இந்தத் தடையால் நின்றது என்பது தெளிவாகத் தெரியும்.

அடுத்த மாதமே, பல கணக்குகளை ஒன்றாக நிர்வகிக்கும் ஆர்கனைசேஷன்ஸ் சேவையில் வந்த டிக்ளரேட்டிவ் கொள்கைகள், இந்தத் தடையையும் மெட்டாடேட்டா இயல்புநிலையையும் ஒரு நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளுக்கும் மேலிருந்து விதிக்க வழி செய்தன. யாராவது மீற முயன்றால் காட்ட வேண்டிய செய்தியை நிறுவனமே எழுதி வைக்கலாம் என்பது சின்ன விஷயம்தான். ஆனால் நள்ளிரவில் கோளாறைச் சரிசெய்யப் போராடும் ஒரு டெவலப்பருக்கு, 'அனுமதி இல்லை' என்ற வறட்டு வாசகத்தைவிட, ஏன் இல்லை, யாரை அணுக வேண்டும் என்று சொல்லும் ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி!

பொது ஐ.பி.வி.4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் என்ற கட்டணம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். பாதுகாப்பு வசதி என்ற பெயரில் வந்ததல்ல அது. மாதத்துக்கு ஒரு முகவரிக்கு 3.60 டாலர் என்பது தனியாகப் பார்த்தால் சிறு தொகைதான். ஆயினும் நூற்றுக்கணக்கில் பொது முகவரிகளை வைத்திருந்த அமைப்புகளில் பில்லைப் பார்த்த பிறகே, 'இந்தச் சர்வருக்கு ஏன் பொது முகவரி?' என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கு நல்ல விடையாக அதே ஆண்டு நவம்பரில் உள்ளடக்கத்தை உலகெங்கும் விநியோகிக்கும் கிளவுட்ஃப்ரண்ட் சேவையின் வி.பி.சி. ஆரிஜின் வசதி வந்தது. அதன்படி, கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் லோடு பேலன்சரைத் தனியார் சப்நெட்டிலேயே வைத்துக்கொண்டு கிளவுட்ஃப்ரண்ட் வழியாக மட்டும் உலகத்துக்குச் சேவை அளிக்கலாம்.

இனி வெளிவாசலுக்கு வருகிறேன். 2020 நவம்பரில் வந்த நெட்வொர்க் ஃபயர்வால், சுரிக்காட்டா என்ற ஊடுருவல் கண்டறியும் மென்பொருளின் விதிகளை ஏற்கும், ஏ.டபிள்யூ.எஸ்.ஸே பராமரிக்கும் ஒரு சேவை. எந்த டொமைனுக்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்று விதிக்க அதில் முடியும். ஆனால் அதை இணைப்பதற்கு நாங்கள் பட்ட பாட்டை வலையமைப்புப் பணியில் இருப்பவர்கள் அறிவார்கள். பல வி.பி.சி.களை ட்ரான்சிட் கேட்வே என்ற மைய இணைப்பகம் வழியாக இணைத்து, நடுவே சோதனைக்கென்று ஒரு தனி வி.பி.சி.யை உருவாக்கி, ஒவ்வொரு மண்டலத்திலும் (தனித்தனித் தரவு மையத் தொகுதியிலும்) ஃபயர்வாலுக்கு ஒரு சப்நெட், கேட்வே இணைப்புக்கு ஒரு சப்நெட் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ரூட் டேபிள் எழுதி, அப்ளையன்ஸ் மோடு என்ற அமைப்பையும் மறக்காமல் இயக்க வேண்டும். அதை இயக்காவிட்டால், போகும் பாக்கெட் ஒரு மண்டலத்தின் ஃபயர்வால் வழியாகவும் திரும்பும் பாக்கெட் வேறொரு மண்டலத்தின் ஃபயர்வால் வழியாகவும் செல்லும். இணைப்பின் நிலையை நினைவில் வைத்து இயங்கும் ஃபயர்வால், தான் தொடக்கத்தைப் பார்க்காத இணைப்பின் பதிலை வீசி எறிந்துவிடும். இதன் விளைவு எப்போதாவது ஒருமுறை, சில சர்வர்களுக்கிடையே மட்டும் ஏற்படுவதால், காரணத்தைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

2025 ஜூலையில் நெட்வொர்க் ஃபயர்வாலை ட்ரான்சிட் கேட்வேயுடன் நேரடியாகவே இணைக்கும் வசதி வந்தது. சோதனை வி.பி.சி., அதன் சப்நெட்டுகள், அவற்றின் ரூட் டேபிள்கள் ஆகியவற்றைப் பயனர் பராமரிக்க வேண்டியதில்லை. ஃபயர்வால் கேட்வேயின் ஓர் இணைப்பாகவே தோன்றும். அறிவிப்பில் இரண்டு பத்தியோடு முடிந்த செய்தி இது. இருந்தாலும் வெளிச்செல்லும் போக்குவரத்தைச் சோதிக்கும் திட்டத்தைப் பல குழுக்கள் தள்ளிப்போட்டதற்கு இந்த வழித்தடச் சிக்கலே முதல் காரணம் என்பதை அருகிலிருந்து கண்டவன் என்ற முறையில், இதன் மதிப்பு மிகப் பெரிது என்பேன். சரியாக அமைப்பதற்கு நிபுணர் ஒருவர் தேவைப்படும் பாதுகாப்பு, அந்த நிபுணர் இல்லாத இடங்களில் இல்லாமலேயே போய்விடுகிறது.

அடுத்துச் சொல்லப்போவது நுட்பமான செய்தி. ஆனால் இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இதுதான். மறைகுறியாக்கத்தை உடைக்காமல் டொமைன் பெயரைக் கொண்டு வடிகட்டும்போது, டி.எல்.எஸ். என்ற மறைகுறியாக்க இணைப்பின் முதல் செய்தியான கிளையன்ட் ஹலோவில் வெளிப்படையாக வரும் எஸ்.என்.ஐ. என்ற பெயரைத்தான் ஃபயர்வால் படிக்கிறது. பல ஆண்டுகளாக அந்தச் செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்கியது. குவாண்டம் கணினிகளைத் தாங்கி நிற்கும் புதிய சாவிப் பரிமாற்ற முறை பரவத் தொடங்கியதும் நிலைமை மாறிவிட்டது. அந்த வகையைச் சேர்ந்த எம்.எல்.-கெம்-768 முறையின் பொதுச்சாவி மட்டுமே 1,184 பைட்டுகள்; பழைய எக்ஸ்25519 சாவிக்கு 32 பைட்டுகள் போதும். இரண்டையும் சேர்த்து அனுப்பும்போது, மற்ற விவரங்களுடன் கிளையன்ட் ஹலோ 1,500 பைட்டு எல்லையைத் தாண்டி இரண்டு பாக்கெட்டுகளாகப் பிரிந்துவிடுகிறது. 2024 ஏப்ரலில் குரோம் உலாவியின் 124 ஆம் பதிப்பு இத்தகைய பரிமாற்றத்தை இயல்பாக்கியபோதே இடைநிலைக் கருவிகள் பல தடுமாறின. சர்வர்களின் பக்கமும் இது தள்ளிப்போகவில்லை. 2025 பிப்ரவரியில் வந்த கோ நிரல்மொழியின் 1.24 ஆம் பதிப்பு, அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க நூலகத்தின் 3.5 ஆம் பதிப்பு ஆகிய இரண்டும் இந்தக் கலப்புச் சாவியை இயல்பாகவே அனுப்புகின்றன. அதாவது டெவலப்பர் ஒருவர் தன் நிரல்மொழியின் பதிப்பைப் புதுப்பித்ததைத் தவிர வேறெதையும் செய்யாவிட்டாலும், அவருடைய சர்வரிலிருந்து கிளம்பும் முதல் செய்தியின் அளவு மாறிவிடுகிறது.

'நிறுவப்பட்ட இணைப்பில் அனுமதி இல்லாததை வீழ்த்து' என்ற இயல்பு நடவடிக்கையை வைத்திருந்த ஃபயர்வால்களில் இதனால் என்ன நேர்ந்தது என்று பாருங்கள். முதல் பாக்கெட் வந்து சேரும்போது டொமைன் பெயர் இன்னும் முழுதாகக் கிடைத்திருக்காது. பெயர் தெரியாததால் அனுமதி விதி எதுவும் பொருந்தாது. எதுவும் பொருந்தாததால் இயல்பு நடவடிக்கை செயல்பட்டுப் பாக்கெட் வீழ்த்தப்படும். முறையாக அனுமதிக்கப்பட்ட டொமைனுக்கான இணைப்பே அறுந்துபோகும். கிளையன்ட் ஹலோவோ எச்.டி.டி.பி. கோரிக்கையோ பல பாக்கெட்டுகளாகப் பிரிந்து வந்தாலும், பயன்பாட்டு அடுக்கின் விவரம் தெரியும்வரை காத்திருந்து முடிவெடுக்கும் புதிய இயல்பு நடவடிக்கைகளை நெட்வொர்க் ஃபயர்வால் 2025 இல் சேர்த்தது. பழைய கொள்கையுடன் ஓடிக்கொண்டிருக்கும் ஃபயர்வால்களில் ஒருவர் போய் இதைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எதிர்பாராத நேரத்தில் சில இணைப்புகள் மட்டும் நின்றுபோகும் புதிருக்கு முகம் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள், உடனே இந்த அமைப்பைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கோளாறின் காரணம் புரியாத நிலையில் மேலதிகாரிகள் சொல்லும் முதல் தீர்வு 'ஃபயர்வாலை எடுத்துவிடு' என்பதாகவே இருக்கும். அப்படி எடுக்கப்பட்ட ஃபயர்வால்கள் திரும்ப வைக்கப்படுவது அபூர்வம்.

எஸ்.என்.ஐ.யை நம்புவதில் வேறொரு பலவீனமும் இருக்கிறது. வீட்டு வாசலில் தான் போகுமிடத்தைச் சொல்லிவிட்டு வேறு தெருவுக்குத் திரும்பும் பிள்ளையைப் போல, ஒரு தீய நிரல் அனுமதிக்கப்பட்ட பெயரை எஸ்.என்.ஐ.யில் எழுதிக்கொண்டு, முற்றிலும் வேறான ஐ.பி. முகவரிக்கு இணைப்பை ஏற்படுத்தலாம். மறைகுறியாக்கத்தைத் திறந்து பார்க்காத ஃபயர்வால் எழுதப்பட்ட பெயரை மட்டுமே காண்கிறது. வெளிச்செல்லும் டி.எல்.எஸ். போக்குவரத்தைத் திறந்து சோதிக்கும் வசதி 2023 டிசம்பரிலேயே வந்துவிட்டது. எனினும் ஒவ்வொரு சர்வரிலும் கன்டெய்னரிலும் நிறுவனத்தின் சான்றிதழை நிறுவ வேண்டியிருப்பதாலும், சான்றிதழைத் தன்னுள்ளேயே பொதித்து வைத்திருக்கும் மென்பொருள்கள் அதை ஏற்காததாலும், நடைமுறையில் அதைத் தேர்ந்தெடுத்த சில இடங்களுக்கு மட்டுமே பயன்படுத்த முடிகிறது.

இந்த இடத்தில்தான் 2025 நவம்பரில் முன்னோட்டமாக வெளியிடப்பட்ட நெட்வொர்க் ஃபயர்வால் ப்ராக்ஸி எனக்கு நம்பிக்கையளிக்கிறது. நேட் கேட்வேயுடன் இணைந்து செயல்படும் இந்த ப்ராக்ஸியிடம், பயன்பாடு தான் போக விரும்பும் டொமைனை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். பெயரை முகவரியாக மாற்றுவதற்கு முன் ஒருமுறை, கோரிக்கையை அனுப்புவதற்கு முன் ஒருமுறை, பதில் வந்த பின் ஒருமுறை என்று மூன்று கட்டங்களில் விதிகள் பார்க்கப்படும். முகவரியைக் கண்டறிவது ப்ராக்ஸியே என்பதால், ஒரு பெயரைச் சொல்லி வேறு முகவரிக்குப் போகும் தந்திரத்துக்கு இடமில்லை. ஸ்க்விட் என்ற திறந்தமூல ப்ராக்ஸியைத் தாங்களே சர்வர்களில் ஓட்டி, தாங்களே ஒட்டுப்போட்டுப் பராமரித்துக்கொண்டிருந்த குழுக்களுக்கு இது பெரிய விடுதலையாக அமையலாம்.

டொமைன் பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். வழியைச் சொல்லாமல் வெளிவாசல் பற்றிய பேச்சு முழுமையடையாது. வி.பி.சி.க்குள் இருக்கும் அமேசானின் டி.என்.எஸ். ரிசால்வருக்குச் செல்லும் கேள்விகளைச் செக்யூரிட்டி குரூப்பும் தடுக்காது, சப்நெட்டுக்கான விதிப்பட்டியலான நெட்வொர்க் ஏ.சி.எல்.லும் தடுக்காது, நெட்வொர்க் ஃபயர்வாலும் பார்க்காது. வெளிச்செல்லும் விதிகள் அனைத்தையும் நீக்கி, இணையத் தொடர்பே இல்லாத சப்நெட்டில் வைத்த சர்வரும்கூட, திருடிய தரவை டொமைன் பெயரின் துண்டுகளாக எழுதிக் கேள்விகளாக வெளியே அனுப்பிவிட முடியும். லாக்4ஷெல் நாட்களில் சூழல் மாறிகளில் இருந்த ஏ.டபிள்யூ.எஸ். ரகசியச் சாவிகளைத் தாக்குபவர்கள் பறிக்க முயன்றது இதே வழியில்தான். இதற்கென்றே 2021 மார்ச்சில் டி.என்.எஸ். ஃபயர்வால் வந்தது. 2024 நவம்பரில் அதன் மேம்பட்ட வடிவம், டி.என்.எஸ். சுரங்கவழிகளையும் நிரல்களால் உருவாக்கப்படும் டொமைன் பெயர்களையும் கேள்வியின் தன்மையைக் கொண்டே கண்டறியத் தொடங்கியது. நெட்வொர்க் ஃபயர்வாலுக்குச் செலவிட முடியாத சிறு நிறுவனங்கள் முதலில் இதையாவது இயக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. ஒரு ஃபயர்வால் எண்ட்பாயின்டுக்கு (மண்டலத்துக்கு ஒன்றாக வைக்கும் இணைப்பு முனைக்கு) மணிக்கு 0.395 டாலர் என்றால், மூன்று மண்டலங்களுக்கு மாதம் 850 டாலருக்கு மேல் ஆகும். தரவுக்கு ஜிகாபைட் ஒன்றுக்கு 0.065 டாலர் தனி. அனுமதிப் பட்டியலோடு கூடிய டி.என்.எஸ். ஃபயர்வாலுக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும்.

2025 ஜூனில் வந்த ஆக்டிவ் த்ரெட் டிஃபென்ஸ், மேட்பாட் என்ற அமேசானின் பொறிச் சர்வர் வலையமைப்பு திரட்டும் தகவலைக் கொண்டு, தாக்குதலில் ஈடுபட்டிருக்கும் முகவரிகளையும் டொமைன்களையும் தானாகவே தடுக்கிறது. நல்ல வசதிதான். ஆயினும் தீயவை எவை என்ற பட்டியல் எவ்வளவு விரைவில் புதுப்பிக்கப்பட்டாலும், நேற்றுப் பதிவு செய்யப்பட்டு இன்று பயன்படுத்தப்படும் டொமைன் அதில் இருக்காது. அதே ஆண்டு நவம்பரில் வந்த வி.பி.சி. என்கிரிப்ஷன் கன்ட்ரோல்ஸ், உள்வலையமைப்பில் மறைகுறியாக்கப்படாமல் ஓடும் போக்குவரத்தை முதலில் ஃப்ளோ லாக்கில் காட்டி, பிறகு அதைக் கட்டாயமாக்கவும் வழி தருகிறது. தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டிய வங்கிகளுக்கும் மருத்துவத் துறையினருக்கும் இது மிகவும் உதவும்.

வெளிச்செல்லும் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த முனையும் குழுக்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றே. முதல் சில வாரங்களுக்கு எதையும் தடுக்காமல் எச்சரிக்கைப் பதிவுகளை மட்டும் சேகரியுங்கள். மாத இறுதி வேலைகளும் காலாண்டு வேலைகளும் ஒருமுறையாவது ஓடி முடியட்டும். மென்பொருளைக் கட்டும் சர்வர்களையும் அதை இயக்கும் சர்வர்களையும் தனித்தனிப் பட்டியலில் வையுங்கள். கட்டும் சர்வர் பல தொகுப்புக் களஞ்சியங்களுக்குப் போக வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் தரவைத் தொடும் சர்வர் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய டொமைன்களுக்கே போகும். இரண்டுக்கும் ஒரே பட்டியலை எழுதினால் அது நீண்டு, தளர்ந்து, இறுதியில் எதையும் தடுக்காத பட்டியலாகிவிடும்.

இவ்வளவு வந்த பிறகும், புதிய செக்யூரிட்டி குரூப்பின் வெளிச்செல்லும் விதி தொடக்கத்தில் இருந்தபடியே இருக்கிறது. கட்டமைப்பை நிரலாக எழுதி உருவாக்க உதவும் டெர்ராஃபார்ம் கருவியின் ஏ.டபிள்யூ.எஸ். ப்ரொவைடர் (இணைப்பு நீட்சி), செக்யூரிட்டி குரூப்பை உருவாக்கும்போது அந்த இயல்பு விதியை நீக்கிவிடுகிறது. வேண்டுமென்றால் பயனர்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் சொந்தக் கருவியான கிளவுட்ஃபார்மேஷனிலோ, வெளிச்செல்லும் விதி எதையும் எழுதாவிட்டால் முழு உலகத்துக்கும் திறந்த விதி தங்கிவிடுவதால், சர்வர் தன்னையே குறிக்கும் 127.0.0.1/32 க்கு மட்டும் அனுமதிக்கும் ஒரு போலி விதியை எழுதி அதை நீக்க வேண்டியிருக்கிறது. மெட்டாடேட்டா சேவைக்குக் கணக்கு அளவில் ஓர் இயல்புநிலை வந்ததைப் போல, செக்யூரிட்டி குரூப்பின் வெளிச்செல்லும் விதிக்கும் கணக்கு அளவில் ஒன்று வர வேண்டும். அதை டிக்ளரேட்டிவ் கொள்கையில் சேர்க்க வேண்டும். அது வரும்வரை, உங்கள் நிறுவனத்தின் டெர்ராஃபார்ம் மாட்யூல்களில் எக்ரெஸ் (வெளிச்செல்லல்) என்ற பகுதியைத் தேடிப் பாருங்கள். கருவி நீக்கிய விதியை யாரோ ஒருவர் பழைய மாதிரியிலிருந்து பிரதியெடுத்து மீண்டும் 0.0.0.0/0 என்று எழுதி வைத்திருக்கக்கூடும். அதை மாற்றுவதற்கு எந்தப் புதிய வசதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.